செவ்வாய்க்கிழமைக் காற்று

நல்ல காற்று பிற்பகல் மூன்றுக்கு வரும்.
நான் அப்போது தூங்கிக்கொண்டிருப்பேன்.
க்தீனியா மருத்துவமனையில் இரவுப்பணி,
காலை ஏழுக்குக் கையெழுத்து,
ஏழு ஐம்பதுக்கு ஹெல் போகும் ரயில்.
ஹவூப்பியில் இறங்கினால்
தண்டவாளத்துக்கு ஒருபக்கம் பால்டிக்,
மறுபக்கம் விரிகுடா.
எனக்கென்று வாய்த்தது
ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரைக்குமான காற்று.
எட்டு நாட். சில நாள் ஒன்பது.
தூற்றினால் பதர்கூடப் பிரியாது.

மியெஷ்கோவின் கொட்டகையில் ரெசின் வாசனை.
"எடை எவ்வளவு, பானி ஒத்திலியா?"
ஊரார் எடையைத் தினமும் குறித்துவைப்பவள்
என் எடையில் மூன்று கிலோ குறைத்துச் சொன்னேன்.
அவன் பென்சிலை எடுத்ததும் திருத்தினேன்:
எழுபத்து நான்கு.
தண்ணீரிடம் அந்த மூன்று கிலோவை
எங்கே ஒளித்துவைப்பது.

"காற்று குறைந்தால் சிறகு பெருக்கணும்,
அவ்வளவுதான் கணக்கு" என்று
ஏழு மீட்டர் சிறகை ஊதி நிறுத்தினான்.
கொட்டகைக்குள் பாதி இருட்டிப்போனது.

தூக்கிப் பார்த்தேன்.
பன்னிரண்டு மணிநேரம்
நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்த தோள்கள்.
சிறகின் முனை சிமெண்ட் தரையில் உரசியது.
தரையில் உரசுவது தண்ணீரில் மாட்டும்.
மாட்டினால் பலகை நிற்கும்,
நான் நிற்கமாட்டேன்.

"இது நல்லாப் பிடிக்கும்" என்றான்.
"பிடிக்க அங்கே என்ன இருக்கு?" என்றேன்.
தலையைச் சொறிந்தான்.

எலும்பியல் வார்டில் முதல் வாரமே தெரிந்துவிடும்,
ஆளைத் தூக்குவது கையல்ல.
முழங்கால் மடங்கவேண்டும்,
பாரம் தொடைக்குப் போகவேண்டும்.
அதனால் குனிந்து அடித்தட்டைத் துழாவினேன்.
யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன ஃபாயில்:
முன்சிறகு ஆயிரத்து எண்ணூறு சதுர சென்டிமீட்டர்,
ஓரத்தில் நகத்தளவு சில்லு.
வேகம் வராது என்று எச்சரித்தான்.
வேகமாய்ப் போய்
எந்த ரயிலைப் பிடிக்கப்போகிறேன்?

பலகை ஏழடி, ஒடுக்கம்.
நிற்கவிடாமல் ஆட்டும், ஆனால் சீக்கிரம் வழுக்கும்.
மாஸ்ட் மட்டும் குட்டையாகக் கேட்டேன்.
இங்கே விரிகுடா இடுப்பளவுதான்.
நெடிய மாஸ்ட்டுக்காரர்கள்
மணல்திட்டில் தட்டித் தலைகுப்புறப் பறப்பதைக்
கரையிலிருந்து பார்த்து
வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

மூவாயிரத்து இருநூறு ஸ்வோட்டி.
சில்லுக்கு நூறு கழித்தான்.
மேற்சிறகு என் பழைய ஐந்தரையே போதும் என்றேன்.
ஏழு மீட்டரின் காற்றைத் திறந்துவிட்டான்.
அது பெருமூச்சு விட்டபடி
வெகுநேரம் சுருங்கியது.

அடுத்த செவ்வாய்.
தண்ணீர் இஸ்திரி போட்டது போல.
பத்து முறை விழுந்தேன்,
பதினொன்றை எண்ணவில்லை.
பிறகு தூரத்தில் ஒரு கருமை,
தண்ணீர்மேல் புல்லரிப்பு மாதிரி நகர்ந்து வந்தது.
காத்திருந்தேன்.
அது முழங்கையைத் தொட்டதும்
சிறகை இழுத்தேன், விட்டேன், இழுத்தேன்,
கால்களால் பலகையை மிதித்து மிதித்து
மடக்கு, பாரம், தொடை,
மடக்கு

சத்தம் நின்றது.

பலகைக்கடியில் சளசளத்துக்கொண்டிருந்தது இல்லை.
கீழே கடற்புல், ஒரு பக்கமாய்ச் சாய்ந்து,
என் நிழல் அதன்மேல் ஓடியது.
நாற்பது நொடி இருக்கும்.
காற்று அதற்கு முன்பே போய்விட்டது.
அந்த அகலமான முன்சிறகு
செய்தி எட்டாததுபோல்
இன்னும் கொஞ்சதூரம் போனது.

திரும்பியது நடந்துதான்.
இடுப்பளவுத் தண்ணீரில்
பலகையைத் தள்ளிக்கொண்டு,
மாஸ்ட்டில் ஒரு கூடைப் புல்.
தூண்டில்காரர் ஒருவர்
"மோட்டார் கெட்டுப்போச்சா?" என்றார்.
ஆமாம் என்றேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு
என் ஜன்னல்திரை படபடவென்று அடித்ததாக
அடுத்த அறை ஹால்ஷ்கா சொன்னாள்.
ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனாளாம்.
நன்றி என்றேன்.